மலைநாட்டுச் சித்திரங்கள் – 9: வெட்டாமல் விட்ட மரம்

பிரித்தானியர் காலத்து மலைநாட்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அவற்றில் ஒரு மரமும் பழகிப்போயிருக்கும். படத்தின் ஓரத்தில், பார்ப்பவருக்கு மிக அருகில், சட்டத்தின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதன் நிழலில் முன்தரை இருண்டு கிடக்கும். இருட்டைத் தாண்டிப் பள்ளத்தாக்கு வெளிச்சமாக விரியும். கடைசியில் நீலமாய் ஒரு மலை. ஓவியத்தைப் பற்றிய நூல்களில் மரத்துக்குப் பொருள் ஆயத்தமாக இருக்கிறது: தளிர்த்த மரம் வாழ்வு, பட்ட மரம் சாவு, இடி விழுந்த மரம் ஊழ், ஒற்றை மரம் தனிமை. இந்த அகராதியோடு பதுளைப் பக்கத்துப் படங்களுக்கு முன்னால் போய் நின்றால் ஒன்றும் பிடிபடாது. சுற்றியிருந்த காடெல்லாம் போனபிறகு இந்த ஒரு மரத்தை யார் நிற்க விட்டார்கள், எதற்காக விட்டார்கள் என்று கேட்டால்தான் படம் வாய் திறக்கும். பதுளை அடங்கிய ஊவாவில் மரத்துக்குப் பொருள் வந்தது மனிதர் அதற்குச் செய்த காரியத்தால். வெட்டியது, விட்டது, எரித்தது, நட்டது, குட்டையாக்கி வைத்தது என்று அந்தக் காரியங்களின் வழியேதான் இந்த அத்தியாயம் போகிறது.

முதலில் பழைய வழக்கு. பதுளை – பண்டாரவளை வீதியோரத்தில் இருக்கும் தோவ குகை விகாரை, பாறையில் செதுக்கி முடிக்காமல் விட்ட 38 அடி உயரப் புத்தர் உருவத்துக்காகப் பேர்பெற்றது. உள்ளே கண்டி மரபில் எழுதிய சுவரோவியங்களும் உண்டு. கண்டி மரபு ஓவியத்தில் தொடுவானம் கிடையாது, தூரம் கிடையாது, நிழலும் கிடையாது. சிவப்புத் தளத்தின்மேல் கதை பட்டை பட்டையாக ஓடும். ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மரம் வரும். ஓவியர் அதற்கு மொத்தமாகப் பச்சையை அப்பிவிட்டு நகர்ந்துவிட மாட்டார். இலை இலையாக எழுதுவார், ஏனென்றால் இன்ன மரமென்று தெரிந்தாக வேண்டும். பௌத்த மரபில் ஒவ்வொரு புத்தருக்கும் ஞானம் பெற்ற மரம் வேறு: ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, காசியபருக்கு ஆல், கௌதமருக்கு அரசு. முகச்சாயல் ஒன்றாகவே இருக்கும் வரிசையில் எவர் எவரென்று அடையாளம் காட்டவல்லது மரம். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் இந்த இலை, பூ, கொடி வடிவங்களுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கியது அலங்கார மோகத்தால் அல்ல என்றே நினைக்கிறேன். தமிழருக்கு இது புதுச் சங்கதியுமல்ல. செடிகொடிகளின் பெயரை நிலத்துக்கே வைத்து, மருதம் என்றால் வயலையும் பாலை என்றால் வறட்சியையும் நினைக்கப் பழகிய மரபு. கோயிலுக்குக் கோயில் தலவிருட்சம் வைத்திருக்கும் மரபு. இந்த வழக்குகளில் மரம் ஒரு பெயர்ச்சொல். அதற்கு உருவகம் தேவைப்படவில்லை.

ஊவாவின் தரையமைப்பு இந்தப் பெயர்ச்சொல்லுக்கு இன்னொரு பொருளைக் கொடுத்தது. நமுனுகுலவுக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவில் கிண்ணம்போல் கிடக்கும் மேட்டுநிலத்தில் பெரும்பகுதி பத்தனை, அதாவது மரமற்ற புல்வெளி. அலை அலையாகப் போகும் புல்மேடுகளுக்கு நடுவே எங்கேனும் கறுப்பாய் ஒரு தோப்பு தெரிந்தால், பலாவும் கமுகும் கித்துளும் அடர்ந்து நின்றால், அங்கே வீடு இருக்கிறது, அடியில் வயல் இருக்கிறது என்று அர்த்தம். தூரத்திலிருந்து வருகிறவன் கூரையைப் பார்ப்பதற்கு முன்னால் மரத்தைப் பார்ப்பான். 1817–1818இல் ஊவா, வெல்லச மக்கள் கிளர்ந்தபோது ஆளுநர் பிரவுன்றிக்கின் படைகள் வீடுகளையும் நெல்லையும் அழித்ததோடு நிற்கவில்லை, பழமரங்களையும் தறித்தன. மரம்தான் வீடு என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. 1819இல் அந்த வழியே போன இராணுவ மருத்துவர் ஜோன் டேவி, பாழான வீடுகளையும் கைவிட்ட வயல்களையும் 1821இல் வெளியிட்ட தமது நூலில் பதிந்தார். ஊவாவில் அதிகாரியாக இருந்த ஹேர்பர்ட் வைட் 1893இல் மாகாணக் கையேட்டை எழுதியபோது, தமது அரசு 1818க்குப் பின் இங்கே நடந்துகொண்ட விதத்தைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னாளில் நிலக்காட்சி எழுத வந்தவர்கள் கண்ட வெற்று மேடுகளில் இயற்கையாகவே வெற்றாக இருந்தவையும் உண்டு, வெற்றாக்கப்பட்டவையும் உண்டு. படத்தில் இரண்டும் ஒரே பச்சை. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் காட்டையும், பயிரிடாத, குடியில்லாத நிலத்தையும் முடிக்குரியது என்று வைத்துக்கொண்டது. ஒரு மேட்டில் நட்ட மரம் நிற்கிறதா இல்லையா என்பது அதற்குப்பின் ரசனை மட்டும் சார்ந்த விஷயமாக இருக்கவில்லை.

இனி அந்த ஓரத்து மரத்துக்கு வரலாம். அதன் பூர்வீகம் இலங்கையல்ல. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்து வரைந்த குளோட் லொரேன் என்ற பிரெஞ்சுக்காரர் நிலைநாட்டிய உத்தி அது: ஓரத்தில் மரத்தை நிறுத்தி, கண்ணை உள்ளே தள்ளி, தூரத்தை உண்டாக்குவது. ஆங்கிலேயர் அதைப் பாடமாகவே படித்தார்கள். படித்தவர்களில் இராணுவ அதிகாரிகளும் நில அளவையாளர்களும் இருந்தார்கள். 1819இல் ஆறு கண்டிக் காட்சிகளை வெளியிட்ட லெப்டினன்ட் வில்லியம் லிட்டில்டன் ஒரு படைவீரர். 1846இல் கொழும்பு அக்கடமிக்கு நிலக்காட்சி வரையக் கற்பிக்க ஆசிரியராகவே ஒருவரை வரவழைத்தார்கள்: பெல்ஃபாஸ்ட் நகரத்து அன்ட்ரூ நிக்கோல். இலங்கையில் மறுபடி கிளர்ச்சி நடந்த 1848இல், குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டின் பயணத்தில் கூடப்போய்க் காடுகளையும் இடிபாடுகளையும் எழுதினார். இதை வைத்து, ஓரத்து மரம் ஆதிக்கத்தின் கொடிக்கம்பம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம். சிலர் சொல்லியும் இருக்கிறார்கள். அவ்வளவு சுலபமில்லை.

ஏனென்றால் மறுப்பு வலுவானது. ஓரத்து மரம் வெறும் உத்தி, இத்தாலியிலும் அதேதான், இங்கிலாந்திலும் அதேதான். உத்திக்கு ஏது அரசியல்? இதே வழக்கு இங்கிலாந்திலேயே நடந்தது. 1750ஐ ஒட்டி கெயின்ஸ்பரோ எழுதிய அன்ட்ரூஸ் தம்பதி படத்தில் கணவனும் மனைவியும் ஒரு கருவாலி மரத்தடியில் இருக்கிறார்கள், பக்கத்தில் கதிர்க்கட்டுகளோடு அவர்களுடைய வயல். கலை விமர்சகர் ஜோன் பேர்ஜர் 1972இல், இவர்கள் சொத்துக்காரர்கள், முகத்திலேயே அது தெரிகிறது என்றார். கலை அறிஞர் லோரன்ஸ் கோவிங் ஒப்பவில்லை. அவர்கள் இயற்கையைத் தத்துவார்த்தமாக அனுபவிக்கிறார்கள் என்பது அவர் கட்சி. அனுபவிப்பதும் உடைமையும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பது பேர்ஜரின் பதில். என் கணக்கில் பேர்ஜருக்கே வெற்றி. ஆனால் ஊவாவுக்கு அந்த வாதத்தை அப்படியே தூக்கி வர முடியாது. கெயின்ஸ்பரோவின் கருவாலி அந்த நிலத்தில் ஏற்கெனவே நின்ற மரம், அதன் அடியில் இருப்பவர்கள் அந்த ஊர்க்காரர்கள். உத்தி இத்தாலியிலிருந்து வந்ததுதான், சந்தேகமில்லை. ஆனால் ஓரத்து மரத்துக்கு அப்பால் என்ன தெரிகிறது என்பதை உத்தி தீர்மானிக்கவில்லை, கோடரி தீர்மானித்தது.

அந்தக் கோடரி வேலை நடந்த விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கோப்பிக்காகக் காடு வெட்டியவர்களில் பெரும்பாலோர் சிங்களக் கிராமத்தவர்கள். நடுவதும் களை பிடுங்குவதும் பழம் பறிப்பதும் தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த தமிழரின் பங்கு. சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி மட்டும் வெட்டி நிற்க வைத்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். உச்சியை அடைந்ததும் மேல்வரிசை மரங்களை முழுக்க வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ்வரிசைமேல் விழும், அது அடுத்த வரிசைமேல் விழும். கொடிகள் ஒன்றையொன்று இழுக்க, மலைச்சரிவு முழுதும் ஒரே இரைச்சலில் படுத்துவிடும். காயவிட்டு நெருப்பு வைத்தபின் மிஞ்சுவது சாம்பலும் கருகிய அடிக்கட்டைகளும். கட்டைகளைப் பிடுங்குவது வீண்செலவு; அவற்றுக்கு இடையிலேயே கோப்பிக் கன்று நட்டார்கள். அதனால் இளந்தோட்டம் என்பது பார்வைக்கு ஒரு சுடுகாட்டைப் போலத்தான் இருந்தது. அமெரிக்காவில் தொமஸ் கோல் 1836இல் எழுதிய ஆற்று வளைவுப் படத்தில் இடப்பக்கம் முறிந்த மரத்தோடு காடு, வலப்பக்கம் வெயிலில் வயல்கள். அதே ஆண்டில் எழுதிய கட்டுரையில் கோடரியைப் பற்றிய அவர் வருத்தத்தையும் காணலாம். அங்கே அடிக்கட்டை ஒரு நாட்டின் மனச்சாட்சிக்குள் ஒரு விவாதமாக ஆனது. இங்கே கோப்பித் தோட்டத்துக்காரனுக்கு அடிக்கட்டை முதலீட்டின் முதல் படி, ஊருக்கு எழுதும் கடிதத்தில் காட்டத்தக்க சாதனை.

வருத்தம் அறவே இல்லையென்று சொன்னால் அநியாயம். தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் தூண்டுதலால் 1873இல் 5,000 அடிக்கு மேலிருக்கும் காட்டை வெட்டக் கூடாதென்று நிறுத்தினார்கள். மலைக்காட்டை இழந்தால் மழையும் நீரும் கெடும் என்ற அச்சம் காரணம். அதற்குப் பிந்திய மலைநாட்டுப் படங்களில் சரிவெல்லாம் வெளுத்திருக்க, முகட்டில் மட்டும் கறுப்பாய்த் தொப்பி போட்டாற்போலக் காடு நிற்பதைக் காணலாம். பார்ப்பவர் அதை ஆதிவனம் என்று ரசிப்பார். அந்தக் கறுப்பின் கீழ்விளிம்பு ஓர் அரசாணை ஓடிய கோடும்கூட.

1869இல் ஊவாவின் மடுல்சீமைத் தோட்டமொன்றில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூளாக ஒரு நோய் தென்பட்டது. இலங்கையில் கோப்பி இலைத்துரு முதலில் பதிவானது இங்கேதான். இலைகள் உதிர்ந்தன, மறுபடி துளிர்த்தன, மறுபடி உதிர்ந்தன. 1870களின் இறுதியில் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராகப் பரந்திருந்த கோப்பி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அழிந்தே போயிற்று. மலைமலையாக இலையற்ற மரங்கள். ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டாவிட் ஃபிரீட்ரிக் 1809–1810இல் எழுதிய படத்தில், இடிந்த மடத்தைச் சுற்றி இலையற்ற கருவாலிகள் பனியில் நிற்கும். ஒரு பிணத்தை எடுத்துப் போவார்கள். பட்ட மரம் சாவைச் சொல்லும் என்ற அகராதிப் பொருளுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்தக் கண்ணோடு ஒருவர் 1880களின் ஊவாவைப் பார்த்திருந்தால் எழுதுவதற்கு எத்தனையோ இருந்தது. தோட்டத்துரைமார் செய்தது வேறு. செத்த கோப்பித் தண்டுகளைப் பட்டை உரித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள், அங்கே தேநீர் மேசைக்குக் கால்களாக. பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி, அதன் மரத்தில் முரசு செய்துகொண்டான் சேரன் இமயவரம்பன் என்று பழைய பாட்டு சொல்கிறது. வென்ற மரம் வென்றவன் வீட்டில் ஒலிக்க வேண்டும் என்பது அங்கே கொள்கை. கோப்பித் தண்டில் கொள்கை எதுவும் இல்லை, மிஞ்சிய விறகுக்கு ஒரு விலை, அவ்வளவே. ஆனாலும், ஒரு பயிரின் எலும்பு அதற்குப் பதிலாக வந்த பயிரைத் தாங்கி நின்றதே, அந்தக் காட்சியை எந்த ஓவியனும் கற்பனையில் செய்திருக்க முடியாது.

தேயிலை வந்தது. 1890இல் தொமஸ் லிப்டன் ஹப்புத்தளையில் தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். தோட்டத்துக்கும் தேநீர்க் குடத்துக்கும் இடையில் வேறெவரும் இல்லை என்று அவருடைய விளம்பரங்கள் சொல்லின. அன்றிலிருந்து தேயிலை மலைக்கு ஒரு நிலையான படம் உண்டாயிற்று: பச்சைக் கம்பளம். விளம்பரம், அஞ்சலட்டை, நாட்காட்டி, இன்று எல்லயில் ஒன்பது வளைவுப் பாலத்தைச் சுற்றி எழுதும் படங்கள், எல்லாவற்றிலும் அதே கம்பளம். இங்கே இன்னொரு மறுப்பு எழும்: ஓவியன் கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுதுவான், தேயிலை கம்பளமாகத் தெரிந்தால் அவன் என்ன செய்வான்? உண்மைதான், தெரிகிறது. ஆனால் தேயிலை கம்பளமல்ல, செடிகூட அல்ல, அது மரம். விட்டால் 30 அடி, 40 அடி வளரும். விதைக்கென்று பறிக்காமல் விட்ட தேயிலை மரமாகவே நின்றது. தோட்டத்துக்காரர்கள் அனைவரும் அதை அறிவார்கள். இடுப்பளவில் அது நிற்பதற்குக் காரணம் கவ்வாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்துக் கத்தியால் கிளைகளை ஒட்ட வெட்டி, துளிர்த்ததும் கொழுந்து கிள்ளிக் கிள்ளி, மேற்பரப்பை மேசைபோல வைத்திருப்பார்கள். கொழுந்து எடுக்கும் பெண் செடியின்மேல் ஒரு நீளக் கம்பைக் கிடத்தி, அதற்கு மேலே நிற்பதை மட்டும் கிள்ளுவாள். மட்டம் தவறினால் கங்காணியின் வாயில் விழ வேண்டும். கம்பளத்தின் ஒவ்வோர் அங்குலமும் அப்படிக் கையால் அளந்தது. கிள்ளும் விரலையும் வெட்டும் கத்தியையும் எடுத்துவிட்டு மட்டத்தை மட்டும் எழுதினால், உழைப்பின் விளைவு இயற்கையின் குணமாகிவிடும். மரியான் நோர்த் ஜமெய்க்காவில் கோப்பியை எழுதியபோது இலை, பூ, காயென்று பிரித்து எழுதினார். அது தாவரவியலின் கண். நிலக்காட்சியின் கண் அதே செடியை நிறமாக்கி விடுகிறது. கண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது இது. தெரிவது, தெரியாதது என்ற கணக்கு பிறகுதான்.

கம்பளத்துக்கு நடுவே வரிசையாக நிற்கும் மெல்லிய, சாம்பல்நிற மரங்களையும் மறந்துவிடக் கூடாது. அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரவேலியா. சிங்களத்தில் சபுக்கு, தோட்டத்தில் சவுக்கு, கடற்கரைச் சவுக்குக்கும் அதற்கும் உறவில்லாவிட்டாலும். 1880–1882இல் இலைத்துருவை ஆராய வந்த மார்ஷல் வோர்ட், அதன் வித்துத் தூளைக் காற்று சுமப்பதைக் கண்ணாடித் துண்டுகளில் பிடித்துக் காட்டினார்; தோட்டங்களுக்கு நடுவே மரவேலிகள் நின்றிருந்தால் பரவல் குறைந்திருக்கும் என்பதும் அவர் கருத்து. ஊவாவில் ஆடி, ஆவணியில் கச்சான் காற்று உலர்ந்து வீசும். அந்த உலர்ச்சிதான் ஊவாத் தேயிலையின் மணத்துக்குக் காரணம், அந்தக் காற்றுதான் செடியை வாட்டவும் வாட்டும். ஆக, காட்டை ஒரே இரைச்சலில் சாய்த்த இடத்தில் மரத்தை எண்ணி எண்ணி நட வேண்டி வந்தது. ஓவியருக்கும் அது வசதி: படுத்துக் கிடக்கும் பச்சையில் நெட்டையாய்ச் சில கோடுகள். குளோட் லொரேனின் ஓரத்து மரத்துக்கு இங்கே கிடைத்த வாரிசு இந்தச் சவுக்குதான்.

மூன்றாவது மறுப்பு எனக்கே அடிக்கடி தோன்றுவது. லயத்து மக்கள், அதாவது தோட்டத் தொழிலாளர், நிலக்காட்சி எழுதவில்லை. பிறகு அவர்களுடைய மரக்குறியீட்டைப் பற்றி இந்தத் தொடரில் என்ன பேச்சு? சீலையில் எழுதியதுதான் படம் என்றால் பேச்சே இல்லை. ஆனால் அவர்கள் கடல் தாண்டுவதற்கு முன்பே ஒரு படம் அவர்களுக்குக் காட்டப்பட்டது: கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆள்கட்டிய கங்காணிமார் சொன்னதாக வழங்கும் வார்த்தை. வேரடியில் பண்டம் காய்க்கும் மரம், விளம்பரக்காரர் எவரும் மிஞ்ச முடியாத குறியீடு. வந்த இடத்தில் அவர்கள் தாமே நட்டதைப் பார்த்தால் வேறு தெரிகிறது. லயமும் அதைச் சுற்றிய நிலமும் தோட்டத்துடையவை. பலா வைத்தால் பேரன் காலத்துக்கு அது யாருடையதென்று சொல்ல முடியாது. ஆகவே அவர்கள் மரத்தைச் சொத்தாக்காமல் சாமியாக்கினார்கள். தேயிலை மலையின் எல்லையில் ஒரு மரம், அடியில் ஒரு கல், ஒரு சூலம்: முனியாண்டி. தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ரோதமுனி, கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி, கொழுந்துக்குக் கொழுந்துச்சாமி. வேலை வேலையாய்க் காவலுக்குத் தெய்வம் நிறுத்திய இந்த வரிசையில், கவ்வாத்துக்கே ஒரு சாமி இருப்பது சாதாரணமில்லை. மரத்தை மரமாக விடாமல் வெட்டுவது ஆபத்தான காரியம், அதற்கு யாரிடமாவது உத்தரவு கேட்க வேண்டும் என்ற பழைய எண்ணம் அதில் மிச்சமிருப்பதாகவே எனக்குப் படுகிறது.

மாசி மாதத்தில் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவதும் அப்படித்தான். ஆமணக்கு, கரும்பு, வைக்கோல் என்று, இடத்துக்கு இடம் சேர்மானம் மாறினாலும், செடிகளைக் கட்டி ஒரு மரத்தையே கையால் உண்டாக்குகிறார்கள். அதைச் சுற்றி ரதியும் மன்மதனும் இரவிரவாக ஆடுகிறார்கள். முடிவில் சிவனின் கண் திறக்கக் கம்பம் எரிகிறது. எரிந்தவன் மீண்டும் எழுகிறான். தமிழ்நாட்டிலிருந்து கூடவே வந்த கூத்துதான் இது, தோட்டத்தில் பிறந்ததல்ல. ஆனாலும் நெருப்பு வைத்துத் திறந்த மலைகளில், எரிந்த கட்டைகளுக்கு நடுவே முதல் கன்றை நட்ட மக்களின் பிள்ளைகள் அதை விடாமல் ஊன்றி வந்ததற்குப் பழக்கம் ஒன்றையே காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுவ முடியாத இடம் இது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஊவாவில் கைவிட்ட தேயிலை மலைகள் இன்று பல உண்டு. கவ்வாத்து நின்று கொழுந்தெடுப்பும் நின்றதும் தேயிலை எழும்பத் தொடங்கிவிடும். கிட்டப் போய்ப் பார்த்தால், அடிமரம் முழங்கால் உயரம் வரை முடிச்சு முடிச்சாகத் தடித்துக் கிடக்கும், ஒவ்வொரு முடிச்சும் ஒரு கவ்வாத்து வெட்டின் தழும்பு. அந்த உயரத்தில் ஒரு மட்டக்கோடு இன்னும் தெரியும். அதற்கு மேலே கிளைகள் தழும்பில்லாமல், ஆளுக்கு மேல், நேராகப் போகின்றன. மஞ்சள் மகரந்தத்தோடு சின்ன வெள்ளைப் பூக்கள், கைக்கு எட்டாத உயரத்தில்.